பிரஷர் இல்லாத எனக்கு எதற்கு பிரஷர் மாத்திரை?

கேள்வி: வயது 36. இரண்டு வருடமாக ஃப்ரிட்ஜிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்தாலே விரல்கள் வெள்ளையாகி, அப்புறம் நீலமாகி மரத்துப் போகின்றன. ஆறு மாதமாக விரல்கள் வீங்கியது போல இருக்கின்றன, மோதிரத்தைக் கழற்ற முடியவில்லை. ரத்தச் சோதனையில் ஏஎன்ஏ, எஸ்சிஎல்-70 இரண்டும் பாசிட்டிவ், தோல் இறுகும் ஸ்க்ளிரோடெர்மா நோய் என்கிறார்கள். சி.டி. ஸ்கேனில் நுரையீரலின் அடிப்பகுதியில் லேசான தழும்பு தெரிகிறதாம். நிஃபெடிபின், மைக்கோபீனோலேட் மாத்திரைகள் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு பிரஷரே கிடையாது, பிரஷர் மாத்திரை எதற்கு? இது ரத்தக்குழாய் நோயா, எதிர்ப்பு சக்தி நோயா? முடக்குவாதம் இருந்த என் நாத்தனாருக்கு ஸ்டீராய்டில் நன்றாகக் கேட்டது, எனக்கு ஏன் தரவில்லை? ஜெர்மனியில் புதிதாக ஏதோ செல் சிகிச்சை வந்திருக்கிறதாமே?

பதில்: இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அது புரிந்தால் மற்ற மூன்றுக்கும் பதில் பாதி கிடைத்துவிடும்.

இரண்டும்தான். தோல்தான் கடைசியாக வந்து சேர்ந்தது. உங்களுக்கே பாருங்கள், முதலில் வந்தது விரல் வெளுப்பு; ரேனாட் என்று சொல்வோமே, அது. விரல் தடிக்கத் தொடங்கியது அதற்கு ஒன்றரை வருடம் கழித்துத்தான். பெரும்பாலானவர்களுக்கு இந்த வரிசையில்தான் வருகிறது. இதைப் படித்துவிட்டு விரல் வெளுக்கிற எல்லோரும் பயப்பட வேண்டாம். கனடாவில் மாண்ட்ரியலில் ரேனாட் மட்டும் இருந்த 586 பேரைப் பல வருடம், சிலரை 20 வருடம் வரைகூடத் தொடர்ந்து பார்த்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். நகக்கண்ணில் ரத்தக்குழாய் கெட்டிருந்து, ரத்தத்தில் ஸ்க்ளிரோடெர்மாவுக்கே உரிய ஆன்டிபாடியும் (எதிர்ப்புப் புரதம்) இருந்தவர்களில் 100க்கு 80 பேருக்கு நோய் வந்தது. இரண்டும் இல்லாதவர்களில் 100க்கு 2 பேருக்குக்கூட வரவில்லை.

நகக்கண்ணைப் பார்ப்பது சுலபம். நகமும் தோலும் சேரும் இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் வைத்து, அதன் மேல் நுண்ணோக்கியை வைத்தால் போதும். நல்ல விரலில் மெல்லிய ரத்தக்குழாய்கள் கொண்டை ஊசிகளை அடுக்கியது போல ஒரே வரிசையில் இருக்கும். ஸ்க்ளிரோடெர்மாவில் சில பல மடங்கு உப்பியிருக்கும், பக்கத்தில் ரத்தம் கசிந்த புள்ளிகள் தெரியும், நாள்பட்ட நோயில் குழாயே இல்லாமல் வெறும் இடமாகவும் கிடக்கும். உங்களுக்கு இந்தச் சோதனை செய்தார்களா என்று எழுதவில்லை. செய்யவில்லை என்றால் அடுத்த முறை கேளுங்கள், வலிக்காது.

சரி, குழாயை முதலில் கெடுப்பது யார்? இதில் எனக்கு மிகவும் பிடித்தது கோழியில் நடந்த ஆராய்ச்சி. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் வளர்த்தெடுத்த யுசிடி-200 என்ற கோழிக்குத் தானாகவே இந்த நோய் வரும். குஞ்சு பொரித்த சில வாரங்களிலேயே கொண்டை சிவந்து வீங்கி, அப்புறம் கருகி உதிர்ந்துவிடும். ஆஸ்திரியாவில் இன்ஸ்ப்ரூக் நகரத்து ஆராய்ச்சியாளர்கள், நோய் தொடங்கும் நேரத்திலேயே அந்தக் கொண்டைத் தோலை எடுத்துப் பார்த்தார்கள். முதலில் செத்துக்கொண்டிருந்தவை ரத்தக்குழாயின் உள்சுவர் செல்கள். வெள்ளையணுக்கள் கூட்டமாக வந்தது அதற்குப் பிறகுதான். மனிதர்களின் ஆரம்பநிலைத் தோலிலும் அதே மாதிரி இருந்தது. இது 1996இல் வெளிவந்தது. ஆனால் குழாய்தான் முதல் என்று அதோடு முடிக்கவும் முடியாது. உள்சுவரைத் தாக்கும் ஆன்டிபாடிகள் அந்தக் கோழிகளின் ரத்தத்தில் இருந்தன, அவற்றை ஆரோக்கியமான கோழிக் கருவில் செலுத்தியதும் அங்கேயும் உள்சுவர் செல்கள் சாக ஆரம்பித்தன. அடி வாங்கியது குழாய், அடித்தது எதிர்ப்பு சக்தி.

அடிபட்ட உள்சுவர், குழாயைச் சுருக்கும் எண்டோதெலினை அதிகமாகச் சுரக்கிறது. விரிக்கும் நைட்ரிக் ஆக்சைடு குறைந்துவிடுகிறது. உள்படலம் தடித்துக்கொண்டே போய் வழி அடைபடுகிறது. அங்கே வந்து குவிகிற எதிர்ப்பு செல்கள் ஐஎல்-6, ஐஎல்-13, டிஜிஎஃப்-பீட்டா என்ற தூண்டும் புரதங்களை வரிசையாகச் சுரக்க, அவற்றின் தூண்டுதலில் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் தழும்பை உண்டாக்கும் நார்ப்புரதமான கொலாஜனை நிறுத்தத் தெரியாமல் கொட்டுகின்றன. விரலில் கொட்டினால் மோதிரம் கழலாது, நுரையீரலில் கொட்டினால் தழும்பு.

இப்போது மாத்திரைக்கு வருவோம். நிஃபெடிபின் உங்கள் பிரஷருக்காகக் கொடுத்ததே இல்லை. சுருங்குகிற விரல் குழாயை விரித்து வைக்கத்தான். விரல் வெளுப்பது குறையும், நுனியில் புண் வராமல் இருக்கவும் உதவும், ஆனால் நோயின் போக்கை அது மாற்றாது. முதல் சில நாள் தலைவலி, கணுக்கால் வீக்கம், எழுந்து நின்றால் கிறுகிறுப்பு வரலாம். தாங்க முடியவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களே நிறுத்தாதீர்கள். இது போதாமல் விரல்நுனியில் புண் வந்தால் சில்டெனாஃபில், போசென்டான் எல்லாம் இருக்கின்றன. போசென்டான் அந்த எண்டோதெலினைத்தான் தடுக்கிறது. புதுப் புண் வருவதைக் குறைக்கும். இருக்கிற புண்ணை அது சீக்கிரம் ஆற்றியதாகச் சோதனைகளில் தெரியவில்லை.

மைக்கோபீனோலேட் எதிர்ப்பு சக்தியின் பக்கம் வேலை செய்கிறது, உங்கள் நுரையீரலுக்கு முக்கியமானது. முன்பு இதற்கு சைக்ளோபாஸ்பமைடு என்ற மருந்தைக் கொடுத்தோம். 2016இல் 142 பேரில் இரண்டையும் ஒப்பிட்ட அமெரிக்கச் சோதனையில் நுரையீரலுக்குக் கிடைத்த பலன் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது, தொந்தரவு மைக்கோபீனோலேட்டில் குறைவு. அப்போதிருந்து பெரும்பாலும் இதைத்தான் முதலில் தருகிறோம். தழும்பு கூடினால் அதை மெதுவாக்கும் நின்டெடானிப் மருந்தைச் சேர்ப்பார்கள்; 2019இல் வந்த 576 பேர் சோதனையில், அது கொடுக்காதவர்களுக்கு மூச்சின் கொள்ளளவு வருடத்துக்கு 93 மில்லி குறைந்தது, கொடுத்தவர்களுக்கு 52 மில்லிதான் குறைந்தது. இழந்ததை அது மீட்டுத் தராது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஒரு விஷயம், மைக்கோபீனோலேட் சாப்பிடும்போது கரு உண்டாகக் கூடாது, குழந்தைக்குக் குறை வரும். அப்படித் திட்டம் இருந்தால் குறைந்தது ஆறு வாரத்துக்கு முன்பே மாத்திரையை மாற்ற வேண்டும், உங்கள் டாக்டரிடம் இப்போதே பேசிவிடுங்கள்.

ஸ்டீராய்டு தராதது உங்கள் டாக்டரின் நல்ல முடிவு. நாத்தனாருடைய நோய் வேறு. ஸ்க்ளிரோடெர்மாவில், முக்கியமாகத் தோல் வேகமாக இறுகிக்கொண்டிருக்கும் முதல் சில வருடங்களில், பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு ஒரு நாளைக்கு 15 மில்லிகிராமுக்கு மேல் போனால் சிறுநீரக நெருக்கடி வரும் அபாயம் கூடுகிறது. விரலில் நடந்த அதே அடைப்பு சிறுநீரகக் குழாயில் நடந்து, பிரஷர் திடீரென்று எகிறும். ஒரு காலத்தில் இது வந்தால் ஒரு வருடம் தாண்டுபவர்கள் 100க்கு 15 பேர்தான். 1970களின் கடைசியில் கேப்டோப்ரில் என்ற பிரஷர் மாத்திரை வந்தபிறகு அது 76 ஆனது. என்னைக் கேட்டால் இந்த நோயின் வரலாற்றிலேயே பெரிய வெற்றி இந்தச் சாதாரண மாத்திரைதான். ஆனால் முன்கூட்டியே சாப்பிட்டு வைத்தால் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை, வந்தவுடன் தொடங்க வேண்டும். அதனால் பிரஷர் இல்லாத நீங்கள் ஒரு பிரஷர் மிஷின் வாங்குங்கள். வாரம் இரண்டு முறை பார்த்து எழுதி வையுங்கள். வழக்கமாக 110/70 இருப்பது 140/90க்கு ஏறினால், கூடவே தலைவலியோ பார்வை மங்கலோ இருந்தால், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், போனதும் "எனக்கு ஸ்க்ளிரோடெர்மா இருக்கிறது" என்பதை முதலில் சொல்லுங்கள்.

ஜெர்மனி விஷயம் உண்மைதான். எர்லாங்கன் நகரத்தில் நோயாளியின் டி செல்களையே (ஒரு வகை வெள்ளையணு) எடுத்து, ஆன்டிபாடி தயாரிக்கும் பி செல்களை அழிக்கும்படி மாற்றித் திரும்பச் செலுத்துகிறார்கள். கார்-டி என்று பெயர். 2024இல் வெளியிட்ட 15 பேரில் 4 பேர் ஸ்க்ளிரோடெர்மா நோயாளிகள், எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து எல்லாவற்றையும் நிறுத்த முடிந்தது. நல்ல செய்தி, ஆனால் 4 பேர். இந்தியாவில் 2023இல் அனுமதி பெற்ற, ஐஐடி பாம்பேயில் உருவான கார்-டி ரத்தப் புற்றுநோய்க்கானது. உங்களுக்கு இப்போது இருக்கும் லேசான தழும்புக்கு அதைத் தேடி ஓட வேண்டியதில்லை, கையில் இருக்கும் மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டு, மூச்சுச் சோதனையையும் இதய ஸ்கேனான எக்கோவையும் டாக்டர் சொல்கிற தேதியில் எடுங்கள்.

அப்புறம், ஜலதோஷத்துக்கு மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை கேட்டு வாங்குவீர்கள் இல்லையா, அதன் அட்டையில் ஃபீனைலெஃப்ரின் என்று இருந்தால் வேண்டாம் என்று திருப்பிக் கொடுங்கள். மூக்கடைப்புக்காக அது குழாயைச் சுருக்கும், உங்கள் விரலில் இருப்பதையும் சேர்த்து. தலைவலிக்கென்று ப்ரோப்ரனலால் எழுதினாலும் ரேனாட் இருப்பதைச் சொல்லுங்கள், அதுவும் விரல் வெளுப்பைக் கூட்டலாம். வீட்டில் யாராவது புகைபிடித்தால் வெளியே போய்ப் பிடிக்கச் சொல்லுங்கள், பால் பாக்கெட்டை அவரே எடுத்துத் தரட்டும்.