ஜல்லியில் ஒட்டிய பிளாஸ்டிக்

கேள்வி: கல்லூரிகளில் நடக்கும் ஆராய்ச்சியால் எங்களைப் போன்றவர்களுக்கு என்ன பயன்?
– வாசகி, திருமங்கலம்

பதில்: திருப்பரங்குன்றம் பக்கம் தியாகராசர் பொறியியல் கல்லூரி இருக்கிறதே அம்மா, அங்கே வேதியியல் பேராசிரியர் வாசுதேவன் 2002-இல் கழிவு பிளாஸ்டிக் கலந்து வளாகத்துக்குள்ளேயே சாலை போட்டார். சூடான ஜல்லியில் பிளாஸ்டிக் துண்டுகளைத் தூவினால் உருகி மேலே ஒட்டிக்கொள்ளும், அப்புறம்தான் தார். இடையில் தண்ணீர் எளிதில் புகாது, பள்ளம் விழுவது குறையும். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. எனக்குப் பெரிதாகப் படுவது வேறு: யாரும் சீண்டாத கேரிபேக்குக்கும் ஒரு விலை வந்தது, அதைப் பொறுக்குகிறவருக்கு நாலு காசு கிடைக்கிறது. ஆனால் பைப் செய்கிற பிவிசி பிளாஸ்டிக் மட்டும் சேரவே கூடாது, சூட்டில் நச்சுவாயு வரும். வீட்டில் பழைய பைப் துண்டு கிடந்தால் தனியாக எடுத்துவையுங்கள்.