பவளத்தின் மேல் படர்ந்த பாசி: பண்ணையிலிருந்து வந்ததா?

கேள்வி: மண்டபம் பக்கம் கடலுக்குள் பவளத்தின் மேல் தடித்த கிளைகளோடு பச்சையாக ஒரு பாசி படர்ந்திருக்கிறது. ‘பெப்சி பாசி’ என்கிறார்கள் ஊரில். அது சிவப்புப் பாசி வகையாயிற்றே, பச்சையாக இருக்குமா? பண்ணையிலிருந்துதான் வந்தது என்று மரபணுப் பரிசோதனையில் தெரியுமா?

பதில்: இருக்கும். நிறத்தை நம்பவே வேண்டாம். நீங்கள் சொல்லும் ‘பெப்சி பாசி’யான கப்பாஃபைகஸ் ஆல்வரேசி பச்சை, பழுப்பு, சிவப்பு எல்லா நிறத்திலும் வளரும். அலையையும் வெளிச்சத்தையும் பொறுத்துக் கிளையின் பருமனும் மாறிவிடும். ஹவாயின் கனேயோஹே விரிகுடாவில் 1970களில் வளர்ப்புக்காக இறக்கிய கப்பாஃபைகஸையும், அதைப் போலவே தோன்றும் யூக்கியூமா என்ற பாசியையும் கண்ணால் பிரிக்க முடியாமல் குழம்பி, கடைசியில் மரபணுவைத்தான் நாடினார்கள். மண்டபம் அருகிலுள்ள குருசடைத் தீவுப் பவளங்களில் இது படர்ந்ததை 2008இல் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதனால் உங்கள் சந்தேகம் நியாயமானதே.

ஆய்வகத்தில், செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவிலுள்ள காக்ஸ்1 மரபணுவையும், காக்ஸ்2, காக்ஸ்3 இரண்டுக்கும் நடுவிலுள்ள சிறு துண்டையும் படித்து, ஏற்கெனவே பதிவான டி.என்.ஏ. வரிசைகளோடு ஒப்பிடுவார்கள். பொதுத் தரவுத்தளங்களில் தப்பான பெயரில் ஏற்றிய வரிசைகளும் உண்டு. ஒரே ஒரு பொருத்தத்தை வைத்துப் பெயர் சூட்டினால் ஏற்காதீர்கள்.

சரி, எந்தப் பண்ணையிலிருந்து வந்தது என்று தெரியுமா? அநேகமாகத் தெரியாது. இது விதை போட்டு வளர்ப்பதல்ல. துண்டு நறுக்கிக் கயிற்றில் கட்டுவது. பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய ஒரு வம்சத்தின் துண்டுகளே பல நாடுகளுக்குப் போயின. எங்கே எடுத்தாலும் வரிசை கிட்டத்தட்ட ஒன்றுதான். வளர்ப்பு வகையா, நம்மூர்க் கஞ்சிப்பாசி போன்ற வேறு இனமா என்பதை அது தெளிவாகச் சொல்லும். யார் மேல் வழக்குப் போடலாம் என்பதைச் சொல்லாது.

மாதிரி எடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஃபார்மலினில் போட்டால் டி.என்.ஏ. கெட்டுவிடும். கிளை நுனியில் ஓரிரு சென்டிமீட்டர் போதும். மேலே ஒட்டியிருக்கும் வேறு பாசிகளைத் துடைத்துவிட்டுச் சிலிக்கா ஜெல்லில் உலர்த்துங்கள். இந்தப் பாசியிலுள்ள கராஜீனன் என்ற வழவழப்புப் பொருள், டி.என்.ஏ.வைப் பல படிகளாகப் பெருக்கும் பி.சி.ஆர். வினையைத் தடுக்கும் என்பதால் கூடுதலாகச் சுத்திகரிக்கச் சொல்லுங்கள். எடுத்த இடம், ஆழம், தேதி, ஒரு படம் கட்டாயம்.

அந்த இடம் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளை ஒட்டி இருந்தால் வனத்துறை அனுமதியின்றிக் கை வைக்காதீர்கள்; பவளத்தை உடைப்பது குற்றம். அப்புறம், பாசியைப் பிய்த்தெறிந்து ‘சுத்தம்’ செய்ய வேண்டாம். உதிரும் ஒவ்வொரு துண்டும் வேறிடத்தில் வளரக்கூடும்.