பக்கத்து ஊர்க்காரருக்கு 52 யூரோ, எங்களுக்கு 68 யூரோவா?

கேள்வி: மியூனிக்கில் மூன்று வருடமாக இருக்கிறோம். இந்திய பாஸ்போர்ட், புளூ கார்டு (உயர்தகுதி வேலைக்கு வருபவருக்கான ஐரோப்பிய ஒன்றிய அனுமதி). பெப்ரவரி விடுமுறையில் 9, 12 வயதுள்ள பிள்ளைகளை முதல் தடவையாகப் பனிச்சறுக்குக்கு மூன்று நாள் ஆஸ்திரியா கூட்டிப்போகிறோம். நாங்கள் பார்த்து வைத்திருக்கும் மையத்தில் பெரியவருக்கு ஒரு நாள் ஸ்கீ பாஸ், அதாவது மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்டுக்கான டிக்கெட், 68 யூரோ. அதன் கீழே சின்ன எழுத்தில், அந்த மாவட்டத்தில் குடியிருப்பவர்களுக்கு 52 யூரோ என்று போட்டிருக்கிறது. இது சட்டப்படி செல்லுமா? கவுன்டரில் கேட்டால் குறைப்பார்களா? அந்த மாவட்டத்தில் வேலை பார்க்கும் நண்பர் தன் பாஸைத் தருகிறேன் என்கிறார், வாங்கிக்கொள்ளலாமா? என் மனைவியோ, "மாமல்லபுரத்தில் வெள்ளைக்காரரிடம் நாமும்தானே அதிகம் வாங்குகிறோம், பேசாமல் கட்டிவிட்டு வாருங்கள்" என்கிறார்.

பதில்: நண்பரின் பாஸை முதலில் மறந்துவிடுங்கள். ஸ்கீ பாஸ் ஒருவர் பெயரில் இருந்தால் அவருக்கு மட்டும்தான். ஆல்ப்ஸ் மலையின் பெரிய மையங்கள் பலவற்றில், கேட்டில் அட்டையைக் காட்டும்போதே முகத்தைப் படமெடுத்து ஒப்பிடும் ஏற்பாடு உண்டு. மாட்டினால் பாஸ் பறிபோகும், அபராதமும் கேட்பார்கள். 16 யூரோவுக்காக நண்பரின் பெயரையும் கெடுக்க வேண்டாம்.

இனி சட்டம். ஜெர்மன் பேசும் ஊர்களில் இந்தச் சலுகையை 'ஐன்ஹைமிஷன்டாரிஃப்' என்பார்கள், உள்ளூர்க்காரர் கட்டணம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006-ஆம் ஆண்டுச் சேவைகள் உத்தரவு (எண் 123), 20-ஆம் பிரிவில் இதைத் தொடுகிறது. வாடிக்கையாளர் எந்த நாட்டவர், எங்கே குடியிருக்கிறார் என்பதை வைத்துப் பொதுவான விலையிலும் நிபந்தனைகளிலும் பாகுபாடு காட்டக் கூடாது. ஆனால் புறநிலையான காரணம் இருந்தால் வித்தியாசம் வைக்கலாம். அந்த 'ஆனால்'தான் இத்தனை வருடமாக வழக்கறிஞர்களுக்குச் சோறு போடுகிறது. எதெல்லாம் காரணமாகும் என்பதற்கு உத்தரவின் முகவுரையே உதாரணம் தருகிறது: தூரத்தால் கூடும் செலவு, சீசனுக்குச் சீசன் மாறும் தேவை, விடுமுறைக் காலங்கள், போட்டியாளர்களின் விலை. 'இவர் நம்ம ஊர், அவர் வெளியூர்' என்பது அந்த உதாரணங்களில் இல்லை.

நீதிமன்றங்கள் சொன்னதைப் பார்த்தால் இன்னும் தெளியும். வெனிஸின் டோஜே அரண்மனை உட்பட இத்தாலியின் சில உள்ளாட்சி அருங்காட்சியகங்களில் உள்ளூர் முதியவர்களுக்கு மட்டும் சலுகை இருந்தது. 2003-இல் ஐரோப்பிய நீதிமன்றம் அது தவறு என்றது. "எங்கள் ஊர்க்காரர் வரி கட்டுகிறார், அதற்கு ஈடாகத்தான் இது" என்று இத்தாலி வாதாடிப் பார்த்தது; கட்டிய வரிக்கும் கிடைக்கும் சலுகைக்கும் நேரடித் தொடர்பைக் காட்ட முடியாததால் வாதம் நிற்கவில்லை. கவுன்டரில் உங்களிடமும் இதே வாதத்தைத்தான் சொல்வார்கள் என்பதால் இதை நினைவில் வையுங்கள்.

இரண்டாவது வழக்கு உங்கள் பக்கத்து வீட்டுக் கதை. பவேரியாவின் பெர்க்டெஸ்காடன் பகுதியில் உள்ளாட்சிகளுக்குச் சொந்தமான ஒரு நீச்சல் குளம். சுற்றியிருந்த ஐந்து ஊர்க்காரர்களுக்குக் கட்டணத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. முழுக் கட்டணம் கட்ட வேண்டியிருந்த ஒருவர் விடாமல் வழக்காடி, ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போய், 2016 ஜூலையில் தனக்குச் சாதகமான தீர்ப்பை வாங்கினார். அவர் ஆஸ்திரியர்! இப்போது பவேரியாவிலிருந்து நீங்கள் ஆஸ்திரியாவுக்குப் போய் அதே கேள்வியைக் கேட்கப்போகிறீர்கள். உள்ளூர்க்காரருக்குச் சலுகையே கூடாது என்று அந்த நீதிமன்றம் சொல்லவில்லை. பற்றாக்குறையான வசதியை ஊர்க்காரருக்கு ஒதுக்குவது, ஊர் சுமக்கும் தனிப்பட்ட சுமைக்கு ஈடு செய்வது போன்றவற்றுக்கு இடமுண்டு. ஆனால் வெளியூர்க்காரரை வரவழைக்கவே கட்டிய குளத்தில், வெளியூர்க்காரர் என்பதற்காக மட்டும் அதிகம் வாங்க முடியாது. ஸ்கீ லிஃப்ட் யாருக்காகக் கட்டப்பட்டது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பிரான்சில் கணக்கு கொஞ்சம் வேறு. 1985-ஆம் ஆண்டு மலைச் சட்டத்தின்படி அங்கே ஸ்கீ லிஃப்ட் பொதுச் சேவை. அதனால் 1974-இல் 'இல் த ரே' என்ற தீவின் படகுக் கட்டணத்தில் அந்நாட்டு உயர் நிர்வாக நீதிமன்றம் வகுத்த விதியைத்தான் அங்கே பார்க்க வேண்டும். தீவிலேயே நிரந்தரமாகக் குடியிருப்பவருக்குக் குறைந்த கட்டணம் சரி, ஏனென்றால் அவருடைய நிலைமையே வேறு. அதே மாவட்டத்தில் கரையில் வசிப்பவருக்கு, மாவட்டத்துக்காரர் என்பதற்காகவே சலுகை தர முடியாது. உங்கள் மையம் 'மாவட்டத்துக்காரர்' என்றுதான் எல்லை போட்டிருக்கிறது, கவனித்தீர்களா?

எல்லாச் சலுகையும் பாகுபாடு என்று நினைத்துவிடாதீர்கள். சறுக்கு வழிகள் பலவும் தனியார் மேய்ச்சல் நிலத்தின் மேல்தான் போகின்றன. நிலம் விட்டுக்கொடுத்த விவசாயிக்கு இலவசப் பாஸ் கொடுத்தால் அது குத்தகையில் ஒரு பகுதி. லிஃப்டில் வேலை செய்பவருக்குக் கொடுப்பது சம்பளத்தின் ஒரு பகுதி. பள்ளத்தாக்கில் சனிக்கிழமை தோறும் கார் வரிசையில் மாட்டி, கூடிக்கொண்டே போகும் வீட்டு வாடகையும் கட்டும் மக்கள்மீது எனக்கு அனுதாபம் உண்டு. ஆனால் அந்த அனுதாபத்துக்கான செலவை ஏன் மியூனிக் குடும்பம் ஏற்க வேண்டும் என்பதற்கு மையம்தான் காரணம் சொல்ல வேண்டும்.

இப்போது உங்கள் பாஸ்போர்ட் விஷயம். பலரும் கோட்டைவிடும் இடம் இது. சேவைகள் உத்தரவு பாதுகாப்பது ஒன்றிய நாடுகளின் குடிமக்களையும், ஒன்றியச் சட்டத்தால் உரிமை பெற்ற பிறநாட்டவரையும். ஒன்றியத்தின் நீண்டகாலக் குடியிருப்பாளர் அனுமதி வைத்திருப்பவர், ஒன்றியக் குடிமகனின் குடும்பத்தார் ஆகியோரை முகவுரை சுட்டுகிறது. நம் ஆட்கள் 'நீடர்லாசுங்' என்று சுருக்கிச் சொல்லும் ஜெர்மன் நிரந்தர அனுமதியும் இந்த நீண்டகால ஒன்றிய அனுமதியும் ஒன்றல்ல. அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். புளூ கார்டை மட்டும் வைத்து இந்த வழியில் வாதாடுவது சிரமம்.

ஆனால் இன்னொரு கதவு திறந்திருக்கிறது. வாடிக்கையாளரை அவர் இருக்கும் நாட்டை வைத்துத் தடுப்பதற்கு எதிரான சட்டம் ஒன்று ஒன்றியத்தில் உண்டு. 2018 டிசம்பர் 3 முதல் நடைமுறையில் இருக்கும் அந்தப் புவித்தடை ஒழுங்குமுறை (எண் 302) 'வாடிக்கையாளர்' என்பதற்கு ஒன்றிய நாட்டின் குடிமகன் அல்லது ஒன்றிய நாட்டில் வசிக்கும் நுகர்வோர் என்று பொருள் தருகிறது. மியூனிக்கில் குடியிருக்கிறீர்கள், போதும். பாஸ்போர்ட்டின் நிறம் குறுக்கே வராது. வணிகரின் நாட்டுக்கே போய் நேரில் அனுபவிக்கும் சேவைகளுக்கு, குடியுரிமையையோ வசிப்பிடத்தையோ வைத்து வேறு நிபந்தனை விதிக்கக் கூடாது என்கிறது அதன் 4-ஆம் பிரிவு. இணையத்தில் ஜெர்மன் முகவரியைப் போட்டவுடன் விலை ஏறினால் இதைத்தான் மேற்கோள் காட்ட வேண்டும். ஒரு முட்டுக்கட்டை உண்டு: இரண்டு சட்டங்களுமே போக்குவரத்துச் சேவைகளை விலக்கிவைத்திருக்கின்றன. "எங்கள் லிஃப்ட் போக்குவரத்து" என்று நிறுவனம் சொல்லக்கூடும். உச்சிக்குப் போய் அதே சரிவில் சறுக்கி வந்து மறுபடி ஏறுவது போக்குவரத்தா பொழுதுபோக்கா? நான் பொழுதுபோக்கு என்பேன். எதிர்த்தரப்பு அப்படிச் சொல்லாது.

மாமல்லபுரம் பற்றி உங்கள் மனைவி கேட்டது நியாயமான கேள்வி. அங்கே இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. ஆனால் அது பாஸ்போர்ட்டை வைத்துப் பிரிப்பது. சார்க் நாட்டவரான இலங்கைக்காரரும் 40 ரூபாய்தான் கட்டுகிறார். ஜெர்மன்காரரிடமும் சென்னைக்காரரிடமும் ஒரே விலை வாங்குவேன் என்று இந்தியா யாரிடமும் ஒப்பந்தம் போடவில்லை. ஆஸ்திரியா தன் ஒன்றியக் கூட்டாளிகளிடம் போட்டிருக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான். சுவிட்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லை என்பதால் மேலே சொன்ன இரண்டு ஆயுதங்களும் அங்கே செல்லாது. அங்கும் உள்ளூர் என்பதைக் குடியிருப்புப் பதிவை வைத்துப் பார்க்கும் மையத்தில், அந்தப் பள்ளத்தாக்கின் ஹோட்டல் சமையலறையில் வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துக்காரர் உள்ளூர்க்காரர், சூரிச்சில் பிறந்து வளர்ந்த சுவிஸ்காரர் வெளியூர்க்காரர்.

கவுன்டரில் சண்டை போடாதீர்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர் சீசன் வேலைக்கு வந்த இளைஞராக இருப்பார். பதிவுச் சான்றான 'மெல்டெட்செட்டல்' இல்லாமல் 52 யூரோ பொத்தானை அழுத்த அவருக்கு அதிகாரம் கிடையாது. கட்டணப் பட்டியலை இரண்டு விலையும் தெரியும்படி படமெடுங்கள், 68 யூரோ கட்டுங்கள், ரசீதை வையுங்கள். பிறகு நிறுவனத்துக்கு எழுதுங்கள்: எந்தப் புறநிலைக் காரணத்தால் இந்த வித்தியாசம், லிஃப்ட் நிறுவனத்தில் உள்ளாட்சிக்குப் பங்கு உண்டா, வித்தியாசத் தொகையைத் திருப்பித் தருவீர்களா. இரண்டாவது கேள்வியை விடாதீர்கள். உள்ளாட்சிப் பணம் இருந்தால் மேலே சொன்ன இத்தாலி, பெர்க்டெஸ்காடன் தீர்ப்புகள் இரண்டும் இன்னும் நெருங்கி வரும். பதில் வராவிட்டால் கேல் நகரில் இருக்கும் ஜெர்மனியின் ஐரோப்பிய நுகர்வோர் மையத்துக்கு அனுப்புங்கள். ஒன்றியத்துக்குள் எல்லை தாண்டிய நுகர்வோர் புகார்களை அவர்கள் இலவசமாக எடுத்துப் பேசுவார்கள். தீர்ப்பு சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை.

மூன்று நாளுக்கு நீங்கள் இருவரும் கூடுதலாகக் கட்டப்போவது 96 யூரோ. அதைவிடப் பெரிய தொகை வேறு இடத்தில் ஒழுகப்போகிறது: முதல் தடவை சறுக்கும் பிள்ளைகளுக்கு முழு மலைக்கும் செல்லும் பாஸ் எதற்கு? முதல் நாள் அடிவாரத்தில் நகரும் பட்டையில் ஏறி இறங்குவதோடு மதியம் ஆகிவிடும், மூக்கு ஒழுகும், சூப் கேட்பார்கள். பயிற்சித் தளத்துக்கு மட்டும் தனி டிக்கெட்டோ, ஏறும் தடவைக்கு ஏற்பப் புள்ளி கழியும் அட்டையோ இருக்கிறதா என்று பாருங்கள். பல மையங்களில் உண்டு, சிலவற்றில் அந்தப் பட்டை இலவசம். மேலே போய் வேடிக்கை பார்க்க மட்டும் நினைக்கும் பெரியவருக்கு, ஏறி இறங்கும் நடையாளர் டிக்கெட் போதும். மதியத்துக்கு மேல் அரைநாள் பாஸ் மலிவு. சறுக்குப் பள்ளியில் சேர்ப்பதானால், ஆசிரியரிடம் "எந்த நாளிலிருந்து பாஸ் வேண்டும்" என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

தேதியும் பணம்தான். பவேரியாவுக்குப் பள்ளி விடுமுறை என்றால் பாதி மியூனிக் அதே நெடுஞ்சாலையில்தான் இருக்கும், விலையும் உச்சத்தில் இருக்கும். அமெரிக்காவில் இது எல்லை மீறிப் போயிருக்கிறது: கொலராடோ மாநிலத்தின் 'வேல்' (Vail) பனிச்சறுக்கு மையத்தில் உச்ச நாளில் கவுன்டர் டிக்கெட் 300 டாலருக்கு மேல். அதே நிறுவனம் 'எபிக் லோக்கல் பாஸ்' என்ற பெயரில் விற்கும் சீசன் பாஸை எந்த நாட்டவரும் வாங்கலாம், சீசன் தொடங்கும் முன்பே பணம் கட்டினால் போதும். பெயரில்தான் 'லோக்கல்'. உங்கள் மையமும் முன்பதிவுக்கு விலை குறைக்கிறதா என்று இன்றே பாருங்கள். மார்ச் நடுவில் ஒரு வார இறுதி ஒத்துவந்தால் பெப்ரவரியை விட்டுவிடுங்கள். அப்போது பகல் நீளம், பிள்ளைகளுக்குக் கை விறைக்காது, 68 யூரோ என்ற அந்த எண்ணே மாறியிருக்கவும் கூடும்.