ஜானி கேஷிடம் சரக்கு தீர்ந்ததா?

கேள்வி: ஜெயிலிலிருந்து பாட வந்த அமெரிக்க கன்ட்ரி பாடகர் ஜானி கேஷ், வயதானதும் சரக்கு தீர்ந்து மூலையில் கிடந்தாராம், ரிக் ரூபின் என்ற இசைத் தயாரிப்பாளர் வந்துதான் தூக்கி நிறுத்தினாராம். நல்ல தயாரிப்பாளர் கிடைத்தால் யாரை வேண்டுமானாலும் பாடகர் ஆக்கிவிடலாம் போலிருக்கிறதே?

பதில்: முதலில் ஜெயில் கதையை முடித்துவிடுவோம். போலீஸில் சில தடவை மாட்டி ராத்திரி லாக்கப்பில் இருந்திருக்கிறார், அவ்வளவுதான். தண்டனைக் கைதியாக இருந்ததே இல்லை. ஃபோல்சம் சிறைக்கு அவர் போனது 1968 ஜனவரியில், கைதிகள் முன் பாடி அதை ஆல்பமாகப் பதிவு செய்ய. அதில் ஒருவனைச் சுட்டதாக வரும் வரிக்குக் கைதிகள் ஆர்ப்பரிப்பது கேட்கும் பாருங்கள், அதுகூடப் பிற்பாடு ஸ்டூடியோவில் ஒட்டவைத்ததுதான்.

சரி, சரக்குக்கு வருவோம். 1955-ல் மெம்ஃபிஸில் சாம் ஃபிலிப்ஸின் சன் ரெக்கார்ட்ஸில் முதல் இசைத்தட்டு வந்தபோது அவரோடு இருந்தது இரண்டே பேர்: எலக்ட்ரிக் கிடாருக்கு லூதர் பெர்க்கின்ஸ், பேஸுக்கு மார்ஷல் கிரான்ட். டிரம் கிடையாது. 1956-ல் 'ஐ வாக் த லைன்' பதிவானபோது தன் கிடார் கம்பிகளுக்கு அடியில் ஒரு காகிதத்தைச் செருகிவிட்டு வாசித்தார். அந்தக் காகிதத்தின் சரக் சரக்தான் டிரம்முக்குப் பதில், பாட்டோ கன்ட்ரி பட்டியலில் முதலிடம். அதற்காக வாத்தியம் கூடினாலே பாட்டு கெட்டுவிடும் என்று நான் சொல்லவரவில்லை. 1958-ல் கொலம்பியா இசைத்தட்டுக் கம்பெனிக்கு மாறி, 1963-ல் 'ரிங் ஆஃப் ஃபயர்' பாட்டில் மெக்ஸிகோ பாணி ட்ரம்பெட்டைச் சேர்த்தவரும் இவர்தான். பிரமாதமாக எடுபட்டது.

வம்பு தொடங்கியது எண்பதுகளில். விற்பனை குறைந்ததும் ஏதாவது செய்து பார்ப்போம் என்று, மூளையை மாற்றி வைத்ததில் இவர் மூளை கோழிக்குப் போய்விட்டது என்று ஒரு காமெடிப் பாட்டு, 1984-ல், மேலங்கி மாட்டிக்கொண்டு வீடியோ வேறு. ஐம்பதைத் தாண்டிய, அந்தக் கனத்த குரல்காரருக்கு! அவருக்கே அது பிடிக்கவில்லை. ஆனால் மறு வருஷமே வில்லி நெல்சன், வேலன் ஜென்னிங்ஸ், கிரிஸ் கிரிஸ்டாஃபர்சனோடு சேர்ந்து பாடிய 'ஹைவேமேன்' கன்ட்ரி பட்டியலில் முதலிடத்துக்குப் போனது, அதுவும் கொலம்பியா வெளியீடாகவே. இவ்வளவும் பார்த்த அதே கம்பெனி 1986-ல் அவரை வெளியே அனுப்பியது. இதில் சரக்கு தீர்ந்தது யாருக்கு என்று நீங்களே சொல்லுங்கள்.

ரூபினுக்கு உரிய பெருமையை நான் பறிக்கவில்லை. ராப், ஹெவி மெட்டல் ஆசாமியான அவர் செய்த நல்ல காரியம், எதையும் சேர்க்காமல் இருந்தது. தன் வீட்டு வரவேற்பறையில் கேஷை ஒற்றைக் கிடாரோடு உட்காரவைத்துப் பாடச் சொன்னார். 1994-ல் வந்த அந்த ஆல்பத்துக்குக் கிராமி கிடைத்தது, ஆனால் கன்ட்ரி இசைத் தொழிலின் தலைநகரான நாஷ்வில் வட்டாரமும் கன்ட்ரி வானொலியும் கண்டுகொள்ளவே இல்லை. அடுத்த ஆல்பம் 1998-ல் சிறந்த கன்ட்ரி ஆல்பமாகக் கிராமி வாங்கியதும் ரூபினின் கம்பெனி 'பில்போர்ட்' பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது: உங்கள் ஆதரவுக்கு நன்றி என்று அவர்கள் இரு தரப்புக்கும் ஒரு வரி, கூடவே 1969-ல் சான் குவென்டின் சிறையில் கேஷ் நடுவிரலைக் காட்டும் படம்.