எஞ்சின் நன்றாக இருந்தும் சிறிய விமானங்கள் ஏன் விழுகின்றன?

மோசமான வானிலையில், பழுதே இல்லாத தனியார் விமானம்கூட எப்படி விழுகிறது என்பது கேள்வி. புயலும் இறக்கையில் படியும் பனியும் ஆபத்துதான். ஆனால் அவற்றைவிட ஏமாற்றுவது, தொடுவானம் மறைந்துபோவது.

நம் உள்காதில் இருக்கும் திரவம்தான் உடல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மூளைக்குச் சொல்கிறது. விமானம் மெதுவாகச் சாய்ந்து திரும்பிக்கொண்டே இருந்தால், கொஞ்ச நேரத்தில் அந்தத் திரவமும் கூடவே சுழல ஆரம்பித்துவிடும். நேராகப் போவதாகவே தோன்றும். உயரம் குறைகிறதே என்று பைலட் மூக்கைத் தூக்க இழுப்பார். சாய்ந்த நிலையில் அப்படி இழுத்தால் விமானம் சுழன்று இறங்கும் வட்டம் இன்னும் இறுகும்.

1999 ஜூலை 16 இரவு, முன்னாள் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் ஜான் எஃப். கென்னடி ஜூனியர் ஓட்டிய பைப்பர் சரடோகா என்ற சிறிய விமானம், அமெரிக்காவின் மார்த்தாஸ் வின்யார்ட் தீவருகே கடலில் விழுந்தது. அதில் இருந்த மூவரும் இறந்தனர். கடல்மேல் மூட்டம், இருட்டு. கருவிகளை மட்டும் நம்பி ஓட்டுவதற்கான தகுதிச் சான்று அவரிடம் இல்லை. திசையுணர்வு குழம்பியதே காரணம் என்றது விசாரணை.

1954இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகச் சோதனையில், கருவிகளை மட்டும் நம்பி ஓட்டும் பயிற்சி இல்லாத 20 பேரும், வெளியே எதுவும் தெரியாத நிலையில் விமானத்தின் கட்டுப்பாட்டை இழந்தார்கள். அதற்கு ஆனது சராசரியாக 178 விநாடிதான், மூன்று நிமிடம்கூட இல்லை! அதனால்தான் மேகம் நெருங்கும்போதே, உள்ளே நுழையாமல் வந்த வழியே திரும்பிவிடச் சொல்கிறார்கள்.