அகராதியில் ஏறிவிட்டால் போதுமா?

அன்புள்ள ஐயா,

என் மகள் ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்கிறாள். 'செல்ஃபி', 'வோக்', 'ரிஸ்' எல்லாம் அகராதியிலேயே வந்துவிட்டன, அதனால் கட்டுரையில் தாராளமாக எழுதலாம் என்கிறாள். எங்கள் காலத்தில் 'சில்ட்ரன்' என்பதற்குப் பதில் 'கிட்ஸ்' என்று எழுதினாலே வாத்தியார் சுழித்துவிடுவார். தெருவில் பேசுவதெல்லாம் இப்போது முறையான ஆங்கிலம் ஆகிவிட்டதா? இதை யார் முடிவு செய்கிறார்கள்?

க., திருநெல்வேலி

அன்புள்ள க.,

முடிவு செய்ய ஆளே இல்லை என்பதுதான் ஆங்கிலத்தின் விசேஷம். பிரெஞ்சு மொழிக்கு எது சரி என்று சொல்ல 1635 முதல் ஓர் அகாதமி இருக்கிறது. ஆங்கிலத்துக்கு அப்படி ஒன்று வேண்டும் என்று சிலர் கேட்டுப் பார்த்தார்கள், நடக்கவில்லை. ஆக, அகராதிக்காரர்கள் புழக்கத்தில் இருப்பதைப் பதிவு செய்கிறவர்கள் மட்டுமே. மெரியம்-வெப்ஸ்டர் என்ற அமெரிக்க அகராதி ஒரு சொல்லைச் சேர்க்க மூன்று விஷயங்களைப் பார்க்கிறது: பல இடங்களில் எழுதப்படுகிறதா, தொடர்ந்து எழுதப்படுகிறதா, பொருள் தெளிவாக இருக்கிறதா. இந்த மூன்றும் இருந்தால் அச்சில் ஏற்ற முடியாத வசவுகூட உள்ளே வந்துவிடும். வரும்போது பக்கத்தில் 'ஸ்லாங்', 'இன்ஃபார்மல்', 'வல்கர்' என்று சாய்வெழுத்தில் ஒரு குறிப்பும் சேர்ந்தே வரும். உங்கள் மகள் சொல்லைப் பார்த்தார், அந்தக் குறிப்பைப் பார்க்கவில்லை. ஆளை மயக்கும் கவர்ச்சியைக் குறிக்கும் 'ரிஸ்' 2023இல் மெரியம்-வெப்ஸ்டரில் சேர்ந்தது, ஆக்ஸ்ஃபோர்டும் அதை அந்த ஆண்டின் சொல்லாக அறிவித்தது. ஆனாலும் அது இன்னும் இளைஞர்களின் கொச்சைதான்.

அதற்காகக் கொச்சை கொச்சையாகவே கிடக்கும் என்றும் இல்லை. 1710இல் எழுத்தாளர் ஜொனாதன் ஸ்விஃப்ட் 'டாட்லர்' இதழில் சில புதுச் சொற்களைப் போட்டுத் தாக்கினார். 'மாப்', 'பேன்டர்' (கேலிப் பேச்சு) இரண்டையும் தடுக்கச் சில ஆண்டுகளாக முடிந்ததையெல்லாம் செய்தும் எதிர்த்தரப்பின் எண்ணிக்கை தன்னை அமுக்கிவிட்டதாக அதில் புலம்புகிறார். 'மாப்' என்பது நிலைகொள்ளாத கூட்டத்தைக் குறிக்கும் 'மோபிலே வுல்குஸ்' என்ற லத்தீன் தொடரின் வெட்டுத்துண்டு. இன்று நீதிமன்றத் தீர்ப்பிலேயே அது வருகிறது. 1755இல் சாமுவேல் ஜான்சன் தன் அகராதியில் 'ஃபன்' என்ற சொல்லுக்குக் கீழ்த்தரக் கொச்சை என்று முத்திரை குத்தினார். இன்று அது பள்ளிப் பாடநூலில் இருக்கிறது. உங்கள் வாத்தியார் சுழித்த 'கிட்' பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் குழந்தையைக் குறிக்கும் மட்டமான பேச்சாகக் கிளம்பியது. இன்று அது வீட்டுப் பேச்சிலும் செய்தித்தாளிலும் சகஜம், ஆய்வுக் கட்டுரையில் மட்டும் இன்னும் ஒட்டவில்லை. நானூறு ஆண்டு ஆகியும் பாதி வழிதான் வந்திருக்கிறது.

ஒரு சொல் தேறுவது பெரும்பாலும் அது பிறந்த தெரு மறந்துபோன பிறகுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனில் தள்ளுவண்டியில் காய் பழம் விற்றவர்கள், வாடிக்கையாளருக்கும் போலீசுக்கும் புரியாமல் பேசச் சொற்களைத் தலைகீழாக்கினார்கள். 'பென்னி' 'யென்னப்' ஆனது, 'பாய்' 'யாப்' ஆனது. 'யென்னப்' செத்துவிட்டது. 'யாப்' பிழைத்து, பொருள் கெட்டு, பொறுக்கிப் பையன் என்றாகி, பிரிட்டிஷ் நாளிதழ்த் தலைப்பில் உட்கார்ந்துகொண்டது. 'யாபிஷ்' என்று அதற்குப் பெயரடையும் வந்துவிட்டது. திருப்பிப் போட்ட சொல் என்று அங்கேயே பலருக்குத் தெரியாது.

லண்டன் கிழக்குப் பகுதி உழைப்பாளிகளின் காக்னி எதுகைக் கொச்சையும் இப்படித்தான். தலையைச் சொல்ல, 'ஹெட்' என்பதோடு எதுகை சேரும் 'லோஃப் ஆஃப் பிரெட்' என்பார்கள். பிறகு எதுகை சேரும் பின்பாதியை வெட்டிவிடுவார்கள், 'லோஃப்' மட்டும் நிற்கும். 'யூஸ் யுவர் லோஃப்' என்றால் புத்தியைப் பயன்படுத்து. எதுகையே போய்விடுவதால் வெளியாள் மூலத்தைக் கண்டுபிடிக்க முடியாது. இதில் ஒரு பொறி உண்டு. 'பெர்க்' என்று ஒரு சொல், மடையன் என்ற அளவில் சாதாரணமாகச் சொல்கிறார்கள். அது 'பார்க்லி ஹன்ட்' அல்லது 'பெர்க்‌ஷர் ஹன்ட்' என்ற தொடரின் மிச்சம். 'ஹன்ட்' எந்தச் சொல்லோடு எதுகை சேர்கிறது என்பதை இங்கே எழுத முடியாது. மூலம் மறந்ததால்தான் அது மரியாதைப்பட்ட வீடுகளிலும் நடமாடுகிறது.

எதிர்த்திசையில், 'இஸ் நாட்' போன்றவற்றுக்குப் பதில் வரும் 'எய்ன்ட்' இருக்கிறது. முந்நூறு ஆண்டுப் பழக்கம், தெரியாத ஆள் கிடையாது, இருந்தும் தேறவில்லை. 1961இல் வெப்ஸ்டரின் மூன்றாம் பேரகராதி, படித்தவர்களும் பேச்சில் இதைப் பயன்படுத்துகிறார்கள் என்று எழுதப்போய், அமெரிக்கப் பத்திரிகைகள் அதன் ஆசிரியர் பிலிப் கோவ் என்பவரை உண்டு இல்லை என்று பண்ணிவிட்டன. காரணம் எளிது. பெயர்ச்சொல்லும் வினைச்சொல்லும் மொழிக்குள் எளிதாகச் சேர்ந்துவிடும், இலக்கணத்தைத் தொடுகிற கொச்சை மட்டும் வாசலிலேயே நிற்கும். 'மாப்' வந்தது ஒரு கூடுதல் சொல்லாக. 'எய்ன்ட்' வந்தால் 'இஸ் நாட்', 'ஆர் நாட்', 'ஹேவ் நாட்' எல்லாவற்றையும் கலைத்துப் போடும். 'இஸ்ன்ட் இட்' என்பது சுருங்கி வந்த, லண்டன் இளைஞர்களின் 'இனிட்'டுக்கும் இதே கதி. 2013இல் தென் லண்டன் பள்ளி ஒன்று மாணவர்களுக்குத் தடை செய்த பட்டியலில் 'இனிட்', 'எய்ன்ட்', 'வி வேர்' என்பதற்குப் பதில் வரும் 'வி வாஸ்' மூன்றும் இருந்தன. தடையால் பேச்சு மாறும் என்று நான் நம்பவில்லை, ஆனால் எந்த வகைச் சொல் கண்ணை உறுத்துகிறது என்பதற்கு அந்தப் பட்டியல் நல்ல சாட்சி.

'வோக்' தனி ரகம். கறுப்பின அமெரிக்கர்களின் பேச்சில் விழிப்போடு இரு என்ற பொருளில் இருந்தது. 1962இல் வில்லியம் மெல்வின் கெல்லி நியூயார்க் டைம்ஸில் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே அது உண்டு. இன்று எல்லாருக்கும் தெரியும், ஆனால் பாதிப் பேர் அதைத் திட்டாகச் சொல்கிறார்கள். இப்படிக் கட்சி பிரிந்த சொல்லைத் தேர்வில் எழுதாமல் இருப்பதே நல்லது.

ஒரு சொல்லைச் சோதிக்க எளிய வழி, பிபிசியிலோ கார்டியனிலோ அதைத் தேடிப் பார்ப்பது. கருத்துப் பத்தியை விட்டுவிட்டுச் செய்தியை மட்டும் பாருங்கள். முதலில் மேற்கோள் குறிக்குள் விளக்கத்தோடு வரும், பிறகு விளக்கம் போகும், கடைசியில் குறியும் போகும். குறி போய்விட்டதா, பேசுகிறவரின் வாயிலிருந்து அல்லாமல் செய்தியாளரின் சொந்த வாக்கியத்தில் வருகிறதா என்று கவனியுங்கள். அடுத்து, அதே பொருளுக்கு வேறு சொல் உண்டா என்று பாருங்கள். 'செல்ஃபி' 2002இல் ஆஸ்திரேலியாவில் இணையத்தில் எழுதப்பட்டது, 2013இல் ஆக்ஸ்ஃபோர்டின் ஆண்டுச் சொல் ஆனது. அத்தனை வேகமாகத் தேறியதற்குக் காரணம் அந்தப் பொருளுக்கு வேறு சொல் இல்லாததுதான். 'ரிஸ்'ஸுக்கு 'சார்ம்' இருக்கிறது.

மகளின் தேர்வுக்கு வருவோம். எழுத்துத் தேர்வின் இரண்டாம் பகுதி, 250 சொல் கட்டுரை, முறையான நடை கேட்பது. அங்கே 'கிட்ஸ்'கூட வேண்டாம், 'சில்ட்ரன்' என்றே எழுதட்டும். தேர்வின் ஜெனரல் டிரெய்னிங் வகையை எழுதுகிறார் என்றால் முதல் பகுதியில் 150 சொல் கடிதம் வரும். நண்பருக்கு எழுதச் சொன்னால் 'கிட்ஸ்' பொருந்தும், நிறுவன மேலாளருக்கு என்றால் பொருந்தாது. பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம். ஏழாம் பேண்டு என்ற மதிப்பெண் நிலைக்கான விவரணையில் மரபுத்தொடர்ச் சொல்வளத்தையும் கேட்டிருக்கிறார்கள், கூடவே நடையறிவையும் கேட்டிருக்கிறார்கள். இந்த இரண்டாவதை மறந்துவிட்டுத்தான் பல பயிற்சி மையங்கள் கொச்சைச் சொல் பட்டியலை மனப்பாடம் செய்ய வைக்கின்றன. 'செல்ஃபி' சொல்லலாம். 'ரிஸ்' சொல்லி, தேர்வாளர் விளக்கம் கேட்டு, அதை விளக்க முடியாமல் திணறினால் சரளத்துக்கான மதிப்பெண்ணும் சேர்ந்து குறையும்.