குடும்பத்தோடு ஆஃப்-ரோடு ஜீப் ஓட்டுவதில் அப்படி என்ன சுகம்?

சேற்றிலும் கல்லிலும் ஜீப்பை விடுவதற்குப் பெண்களும் குழந்தைகளும் எப்படி ஒத்துக்கொள்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் சம்மதம் வாங்க வேண்டியது அப்பாவிடம் மட்டும்தான், அதுவும் டீசல் செலவுக்காக. மற்றவர்கள் சாவியை எடுக்கும் முன்பே ஏறி உட்கார்ந்திருப்பார்கள்.

உடுமலைக்கு வடக்கே குடிமங்கலம் பக்கம் எங்கள் தோட்டம். முழுக்கக் கரிசல். ஐப்பசி மழை பிடித்தால் இட்டேரியில், அதாவது தோட்டத்துக்குப் போகிற வேலியோரத்து மண் தடத்தில், மாட்டு வண்டியே அச்சு வரைக்கும் இறங்கிவிடும், பால் கேன் ரோட்டுக்கு வந்து சேராது. அதனால்தான் எங்கள் அப்பாரு (தாத்தா) மிலிட்டரி ஏலத்தில் வந்த ஒரு பழைய வில்லிஸ் ஜீப்பை வாங்கினார். 1940களின் கடைசியிலேயே மஹிந்திரா கம்பெனி வில்லிஸை இங்கே பூட்டி விற்க ஆரம்பித்துவிட்டாலும் புது வண்டி வாங்கும் வசதி அப்போது எங்களுக்கு ஏது. அப்புறம் அப்பா காலத்தில் மஹிந்திராவின் எம்எம்540 ஜீப், பிஜோவின் 2.1 லிட்டர் டீசல் எஞ்சின். அது இன்னும் ஓடுகிறது. இப்போது மஹிந்திராவின் தார் (Thar) ஜீப் ஒன்றும் நிற்கிறது. ஆனால் வீட்டில் யாரைக் கேட்டாலும் 540 சாவியைத்தான் எடுப்பார்கள்.

ஆஃப்-ரோடு என்றதும் ரீல்ஸில் வருகிற மாதிரி தண்ணியைப் பீய்ச்சிக்கொண்டு பறப்பது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், அது வண்டியைக் கெடுக்கிற வேலை. நிஜத்தில் இவ்வளவு மெதுவான பொழுதுபோக்கு வேறு இல்லை. நாலு சக்கரமும் இழுக்கிற ஃபோர் வீல் லோ கியரைப் போட்டால் சக்கரத்தின் வேகம் ஏறத்தாழ இரண்டரை மடங்கு குறைந்து, இழுவை அதே அளவுக்குக் கூடும், ஆக்சிலேட்டரில் கால் வைக்காமலே முதல் கியரில் வண்டி நடக்கிற வேகத்தில் ஊர்ந்து போகும். ஒரு ஓடையைத் தாண்ட அரை மணி நேரம் ஆகிறது என்றால் அதில் பெரும்பாலும் வண்டி சும்மா நின்றுகொண்டுதான் இருக்கும், நாங்கள் எல்லாரும் இறங்கிக் கல்லையும் கரையையும் பார்த்து வாதாடிக்கொண்டிருப்போம். குடும்பத்துக்கு என்ன சுகம் என்றால் எனக்குத் தெரிந்து இதுதான். கோயிலுக்கோ ஊட்டிக்கோ போகிற காரில் ஓட்டுகிறவருக்கு மட்டும்தான் வேலை, மற்றவர்கள் போனைப் பார்ப்பார்கள். இங்கே ஆளுக்கு ஒரு வேலை, ஆளுக்கு ஒரு கருத்து.

அப்பத்தா உயிரோடு இருந்தவரை முன் சீட்டு அவருக்குத்தான். கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "ரெண்டு கல்லுக்கு நடுவால உடாத சாமி, கல்லு மேல ஏத்து" என்பார். லைசென்ஸ் கிடையாது, ஸ்டீயரிங்கைத் தொட்டதும் கிடையாது, ஆனால் சொன்னது அத்தனையும் சரி. கல்லின் மேல் டயரை ஏற்றினால் வண்டி தூக்கிக்கொண்டு போகும், நடுவில் விட்டால் அச்சில் தொங்குகிற கிரவுன் ஹவுசிங் (பல்சக்கரப் பெட்டி) போய் இடிக்கும்.

அப்பா எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தது கட்டைவிரலை ஸ்டீயரிங் வளையத்துக்கு வெளியே வைத்துக்கொள்ள. பவர் ஸ்டீயரிங் இல்லாத ஜீப்பில் முன் சக்கரம் கல்லில் மோதினால் ஸ்டீயரிங் வெடுக்கென்று தானாகச் சுற்றும், விரல் உள்ளே இருந்தால் குறுக்குக்கம்பி அடித்து முறித்துவிடும். என் மகளுக்கும் அதே பாடம்தான். அவள் இன்னும் ஓட்டும் வயதுக்கு வரவில்லை, முன்னால் நடந்து போய்க் கை காட்டுவது அவள் பொறுப்பு. "நில்லுங்ப்பா, இடது பக்கம் குழி" என்றால் நிற்க வேண்டும், எதிர்ப்பேச்சு இல்லை.

என் மனைவி ஈரோடு டவுனில் வளர்ந்தவர். இப்போது செங்குத்தான கரையில் வண்டியை இறக்குவது என்றால் அப்பாவே என்னை ஒதுங்கச் சொல்லிவிட்டு, "அம்மணி, நீ இறக்கு" என்கிறார். காரணம் உண்டு. லோ முதல் கியரில் போட்டுவிட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், கிளட்ச்சை மிதிக்காமல் பிரேக்கில் ஏறி நிற்காமல் இருந்தால் போதும். ஆண்களுக்கு அந்தக் கால் சும்மா இருப்பதில்லை.

கரிசலில் மாட்டிக்கொண்டால் அவசரமே கூடாது. டயர் பட்டன்களுக்கு நடுவே மண் அடைத்து வழுவழுவென்று ஆகிவிடும், அப்புறம் முறுக்க முறுக்கக் கீழே தோண்டும். காற்றைக் கொஞ்சம் இறக்கி, மண்ணைச் சுரண்டி, தென்னை மட்டையைக் குறுக்கே போட்டு, லோ இரண்டாவது கியரில் மெல்ல எடுத்தால் பாதி நேரம் வந்துவிடும். வராவிட்டால் பக்கத்துத் தோட்டத்து டிராக்டர். கயிறு இழுபடும்போது மட்டும் பிள்ளைகளை நல்ல தூரத்தில் நிறுத்துங்கள், அறுந்தால் சாட்டை மாதிரி வரும். இன்னொன்று, இந்த மாதிரி வண்டிகளில் காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீல் போடாதீர்கள். திரும்பும்போது முன் சக்கரம் கூடுதல் தூரம் போக வேண்டும், முன்னுக்கும் பின்னுக்கும் வேக வித்தியாசத்தைச் சமாளிக்கிற டிஃபரன்ஷியல் நடுவில் இல்லாததால் எல்லாம் இறுகிக்கொள்ளும்.

காட்டுக்குள் போவதில்லை. ஆனைமலை 2007இலும் சத்தியமங்கலம் 2013இலும் புலிகள் காப்பகம் ஆகிவிட்டன, அதற்கு முன்பும் அது நமக்கு விளையாட்டு மைதானம் அல்ல. எங்கள் நிலம், தெரிந்தவர்கள் தோட்டம், பஸ் போகிற மலை ரோடு, அவ்வளவுதான். சத்தியமங்கலம் பக்கத்து மலையில் கடம்பூரிலிருந்து மாக்கம்பாளையம் போகிற வழியில் குரும்பூர்ப் பள்ளத்தில் ஒருமுறை நின்றிருந்தபோது, ஆளும் மூட்டையுமாக நிறைந்த ஒரு ஜீப் எங்கள் முன்னால் தண்ணியில் இறங்கி ஏறிப் போனது. மாட்டினால் இழுத்து மீட்கிற வின்ச் இல்லை, டயரில் பட்டனும் இல்லை. அவர்களுக்கு அது சந்தைக்குப் போகிற வழி. அப்பா சிரித்துக்கொண்டே தாரின் புது டயரைப் பார்த்தார், நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தாருக்கு 650 மி.மீ. ஆழம் வரை தண்ணியில் போகலாம் என்று கம்பெனி கணக்கு. அது நிற்கிற தண்ணிக்கு. ஓடுகிற தண்ணி முழங்காலைத் தொட்டால் நாங்கள் வந்த வழியே திரும்பிவிடுவோம்.

நீங்கள் ஆரம்பிப்பதாக இருந்தால் நல்ல மாருதி ஜிப்ஸி ஜீப் செகண்ட் ஹேண்டில் கிடைக்கிறதா பாருங்கள், எடை குறைவு, மாட்டினாலும் தள்ளிவிடலாம். பழைய ஜீப்பே வாங்கினால் பின்னால் எதிரெதிராக இருக்கும் பெஞ்ச் சீட்டில் குழந்தைகளை உட்கார வைக்காதீர்கள். முன்பக்கம் பார்த்த சீட் போட்டு பெல்ட் மாட்டுங்கள், ஒர்க்‌ஷாப்பில் "அதெல்லாம் எதுக்குங்க" என்பார்கள், கேட்காதீர்கள்.